ரிமோட் படகு கட்டுவதைத் தொழிலாக எடுக்கலாமா? காரைக்குடிப் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோட்டையூர். காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் படகு கட்டுகிறேன். முதல் படகு தெர்மோகோலை வெட்டிச் செய்தது. பழைய பொம்மைக் காரில் இருந்த மோட்டாரை அதில் மாட்டிக் கண்மாயில் விட்டேன். நடுவில் போய் நின்று ஆகாயத்தாமரைக்குள் சிக்கிக்கொண்டது, மறுநாள் விடிந்ததும் நீந்திப் போய் எடுத்து வந்தேன். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

இப்போது கட்டுவது 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வேகப் படகு. அடிப்பக்கம் ஆழமான வி வடிவம். பிளைவுட்டில் குறுக்குச் சட்டங்கள் வைத்து, மேலே மெல்லிய பலகை மூடி, அதற்கு வெளியே கண்ணாடி நார்த் துணியும் எப்பாக்ஸி என்கிற ஒட்டு ரெசினும். மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 2000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று என்ற கணக்கு) பிரஷ்லெஸ் மோட்டார், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது திரும்புவதைக் கரையில் நின்று பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் ஒரு வீடியோ போட்டேன், திருச்சியில் இருந்து ஒருவர் கேட்டு 15,000 ரூபாய்க்கு ஒரு படகு வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அதே விலைக்கு வாங்கினார்கள். இதில் மூன்றாவது படகில் தண்ணீர் ஏறிவிட்டது. ப்ரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் குழாய் ஹல்லுக்குள், அதாவது படகின் உடலுக்குள், நுழையும் இடத்தில் அவசரத்துக்கு ஐந்து நிமிட எப்பாக்ஸி மட்டும் வைத்திருந்தேன், அந்த ஒட்டுதான் விட்டுப்போனது. தப்பு என்னுடையதுதான். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனாலும் மனசு ஆறவில்லை.

இப்போது நான்கு பேர் வரிசையில் இருக்கிறார்கள். கையில் சேமிப்பு 1,80,000 இருக்கிறது. மாமனார், "கடையை விட்டுட்டு இதையே முழுசாப் பாருங்க மாப்பிள்ளை" என்கிறார். வீட்டில் அவ்வளவு தைரியம் இல்லை. எனக்கும் பாதி நாள் தைரியமும் பாதி நாள் பயமுமாகப் போகிறது.

ஒரு படகுக்கு எனக்கு ஆகிற செலவு: பிளைவுட், பால்சா (எடை குறைந்த மரம்) 1,400. ரெசின், கண்ணாடி நார் 1,100. மோட்டார் 2,200. இ.எஸ்.சி. 1,900. செர்வோ (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டார்) 450. ஷாஃப்ட், ப்ரொப்பல்லர், சுக்கான் எல்லாம் சேர்த்து 1,150. ட்ரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் 4,300. மொத்தம் 12,500. பேட்டரியும் சார்ஜரும் வாங்குகிறவர் பொறுப்பு. கட்டி முடிக்க 46 மணி நேரம் ஆகிறது, கடைசிப் படகுக்கு நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தேன்.

என்ன விலை சொல்வது என்று தெரியவில்லை. முழுப் படகாக விற்பதா, வாங்குகிறவரே ஒட்டிக்கொள்ளும்படி துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் கொடுப்பதா என்பதும் குழப்பம். பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், அது இதற்கும் பொருந்துமா? வேலையை விடுவதைப் பற்றியும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை பட்டறை எழுதியது:

தம்பி, கணக்கை நீங்களே அழகாகப் போட்டுவிட்டீர்கள், கடைசி வரி ஒன்றைத்தான் விட்டிருக்கிறீர்கள். 15,000-இல் 12,500 போனால் மிச்சம் 2,500. அதை 46 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 54 ரூபாய். எங்கள் பட்டறையில் வேலை செய்யும் தச்சருக்கு நான் கொடுக்கும் நாள் கூலி 1,000, எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 125. மோட்டார் வேலையும் மரவேலையும் சேர்ந்து தெரிந்த உங்கள் கைக்கு அதில் பாதி கூட விழவில்லை. இதில் திருப்பிக் கொடுத்த பாதிப் பணத்தை நான் சேர்க்கவே இல்லை.

46 மணி நேரத்துக்கு 125 வீதம் 5,750. பொருள் செலவோடு 18,250. கரண்ட், பெட்டி கட்டுவது, வீணாகிற பலகை, திரும்பி வருகிற ஒன்றிரண்டு படகு இதற்கெல்லாம் கொஞ்சம் சேர்த்தால் 20,000-க்குக் கீழே நீங்கள் விற்கவே கூடாது. "அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்" என்று உங்களுக்குத் தோன்றும். வாங்க மாட்டார்கள் என்றால் இப்போதைக்கு இது தொழில் இல்லை, நீங்கள் நண்பர்களுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். பரிசு கொடுப்பது நல்ல விஷயம், ஆனால் அதை நம்பி வேலையை விடக் கூடாது.

என் கதையைச் சொல்கிறேன். நம் ஊர் நிலைக்கதவு மாதிரி ஒரு அடி உயரத்தில் சின்னதாகச் செய்து விற்கலாம் என்று 2016 வாக்கில் ஆரம்பித்தேன். மேலே கஜலட்சுமி வைத்தது, கிளி வைத்தது, யாளி வைத்தது என்று பன்னிரண்டு விதம். கேட்பவர் எல்லாரும் வேறு வேறு கேட்டார்கள், நானும் கேட்டதை எல்லாம் செய்தேன். எல்லாம் விற்றது, வருடக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு கதவும் முதல் தடவை செய்வது போலவே இருந்தால் கை எப்படி வேகம் பிடிக்கும்? அப்புறம் இரண்டே விதம் என்று நிறுத்தினேன். அதற்கு வெட்டு அச்சு, துளை அச்சு எல்லாம் ஒருமுறை உட்கார்ந்து செய்து வைத்துக்கொண்டேன். அதே கதவுக்கு நான்கு நாள் ஆனது ஒன்றரை நாளாகக் குறைந்தது.

நீங்களும் ஒரே ஹல்லைப் பிடியுங்கள். இந்த 60 சென்டிமீட்டர் படகையே பத்து முறை கட்டுங்கள். நிறம் மட்டும் வாங்குகிறவர் இஷ்டம். இழுவைப் படகு வேண்டும், போர்க்கப்பல் வேண்டும் என்று வருகிறவர்களிடம் இப்போது இல்லை என்று சொல்லிவிடுங்கள். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது.

இன்னொன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில் பர்மாத் தேக்கு கிடைக்கிறதே, அதில் ஹல் செய்தால் செட்டிநாட்டுப் படகு என்று பெயர் சொல்லி விற்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். தேக்கு ஒரு கன மீட்டர் 650 கிலோவுக்குப் பக்கம் வரும், பால்சா 160 தான். வேகப் படகுக்கு எடைதான் எதிரி. வேண்டுமானால் மேல்தளத்தில் ஒரு மெல்லிய பட்டை, படகை வைக்க ஒரு தாங்கி, அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பார்க்க லட்சணமாக இருக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டுவதற்கு முன்னால் அசிட்டோன் போட்டுத் துடைக்காவிட்டால் எப்பாக்ஸி பிடிக்காமல் உரிந்து வந்துவிடும்.

வள்ளத்து ஃபைபர் எழுதியது:

அண்ணே சொன்ன ஒரே ஹல் யோசனைக்கு மேல் ஒரு படி. பிளைவுட்டை விட்டு ஃபைபர் மோல்டுக்கு (அச்சுக்கு) வாருங்கள். நான் ஜெகதாப்பட்டினம் பக்கம் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் வள்ளம் வந்ததில் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வேலை கைவந்தது. உங்கள் 46 மணி நேரத்தில் ஹல்லுக்கு மட்டும் எப்படியும் முப்பது மணி போயிருக்கும். மோல்டு இருந்தால் ஒரு ஹல்லுக்குக் கை வேலை இரண்டு மூன்று மணி நேரம்தான், சாயந்திரம் போட்டால் காலையில் எடுக்கலாம்.

இருப்பதிலேயே நேர்த்தியாக வந்த ஒரு படகைப் புட்டி போட்டு, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்குங்கள். மோல்டில் வரும் ஒவ்வொரு ஹல்லிலும் இந்த ஒரு படகின் குறை அப்படியே வரும் என்பதால் இங்கே சோம்பல் படக் கூடாது. அதன் மேல் மெழுகு ஐந்தாறு தடவை, அப்புறம் ஒட்டாமல் இருக்கப் பூசும் பி.வி.ஏ., அப்புறம் வழவழப்பான மேல்பூச்சுக்கு ஜெல்கோட், அதற்கு மேல் நாரும் ரெசினும். மோல்டு ஹல்லைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெளிந்துவிடும். வி வடிவம் என்பதால் நேராக உருவி எடுத்துவிடலாம். பக்கச் சுவர் மேலே போகப்போக உள்பக்கம் வளைந்திருந்தால் மட்டும் மோல்டை இரண்டு துண்டாகச் செய்ய வேண்டி வரும்.

நீங்கள் இதுவரை எப்பாக்ஸியில் பழகியவர். நாங்கள் போடுவது பாலியெஸ்டர் ரெசின், விலை குறைவு, ஆனால் குணம் வேறு. தெர்மோகோல் மேல் பட்டால் கரைத்துவிடும். படகு மூழ்காமல் இருக்க உள்ளே தெர்மோகோல் வைப்பதாக இருந்தால் ரெசின் முழுக்கக் காய்ந்த பிறகு வையுங்கள். கட்டாயம் வையுங்கள், கவிழ்ந்தாலும் படகு மிதந்தால்தான் எடுக்க முடியும்.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பாலியெஸ்டர் இறுகுவதற்கு இரண்டு மருந்து உண்டு, கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும். இந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு புட்டியையும் ஒரே அலமாரியில் கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் 100 கிராம் ரெசினுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஒன்றே போதும். ஆழமான டப்பாவில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகைந்துவிடும், தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். வாடை நெஞ்சைப் பிடிக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் வேண்டாம், கொல்லைப்புறத்தில் கொட்டகை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தால் பக்கத்தில் வைத்துச் சொல்லித் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம்.

பழைய ரேடியோ எழுதியது:

கல்லூரி ஆய்வகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். என் பேரனும் நானும் இரண்டு படகு வைத்திருக்கிறோம். விலை, மோல்டு எல்லாம் மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது உள்ளே இருக்கும் மின்சாரச் சமாச்சாரம்.

நீங்கள் கட்டி நீங்களே ஓட்டும்வரை ஒரு சின்னக் கோளாறு பெரிய விஷயம் இல்லை. முன்பின் தெரியாதவர் ஓட்டப்போகிறார் என்றால் நிலைமையே மாறுகிறது. மூன்று செல் பேட்டரி 11.1 வோல்ட், மோட்டார் 2000 கே.வி., பெருக்கினால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 22,200 சுற்று. தண்ணீருக்குள் போனால் குறையும்தான், ஆனால் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசையைத் தட்டிவிட்டால் அந்த ப்ரொப்பல்லர் விரலை எடுத்துவிடும். படகோடு கொடுக்கும் காகிதத்தில் முதல் வரியாக இதைத்தான் எழுத வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரை முதலில் போட்டுப் படகைக் கடைசியில் போட வேண்டும், அணைக்கும்போது படகை முதலில் அணைக்க வேண்டும்.

ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ரிசீவரில் அமைக்கிற வசதி. ஒவ்வொரு படகிலும் நீங்களே அமைத்து, ட்ரான்ஸ்மிட்டரை வேண்டுமென்றே அணைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, ஆகவே ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சு குழாயில் நுழைத்து மேல்தளத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவது பழைய வித்தை, இன்றைக்கும் வேலை செய்கிறது.

தண்ணீர் ஏறுவதைப் பற்றி. ஷாஃப்ட் குழாயின் உள்முனை நீர்மட்டத்துக்கு மேலே வருகிற மாதிரி சாய்வு வையுங்கள், குழாய் நிறைய கிரீஸ் அடையுங்கள், நுழையும் இடத்தில் உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி நார் வைத்து மெதுவாகக் காயும் எப்பாக்ஸியில் கட்டுங்கள். சுக்கான் தண்டுக்கும் இதேதான். விற்பதற்கு முன் ஒவ்வொரு படகையும், பேட்டரியைக் கழற்றி அதே எடைக்கு மணல் பை வைத்து, உள்ளே ஒரு செய்தித்தாள் துண்டைப் போட்டு, தொட்டியில் ஒரு இரவு முழுக்க மிதக்க விடுங்கள். காலையில் காகிதம் நனைந்திருந்தால் படகு பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

பேட்டரியை வாங்குகிறவர் பொறுப்பு என்று விட்டது நல்ல முடிவு. லித்தியம் பேட்டரியைத் தனியாகப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள விதி, சரக்கு விமானத்தில் கூட 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. ஆனால் எந்த பேட்டரி, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஓட்டும்போது 3.3-க்குக் கீழே இறக்கக் கூடாது, இரண்டு மூன்று நாளைக்கு மேல் சும்மா வைப்பதானால் 3.8-இல் வைக்க வேண்டும். எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே. உப்பிய பேட்டரியை மறுபடி ஏற்றிப் பார்க்கவே கூடாது. சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் இருந்துகொண்டு, 1953-இலிருந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிற ஊரில் இருந்துகொண்டு, பேட்டரி விஷயத்தில் நம் பெயர் கெட்டுப்போகக் கூடாது என்று எனக்கு ஒரு ஆசை.

எங்கே ஓட்டிக் காட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். நம் பக்கத்துக் கிராமங்களில் குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூட விடமாட்டார்கள், கிரீஸ் வடிகிற படகை அங்கே இறக்குவது தப்பு. கண்மாய்தான் சரி, அதிலும் ஆள் குளிக்கும் படித்துறைக்கு எதிர்ப்பக்கம்.

கணக்கு அக்கா எழுதியது:

நான் ஜி.எஸ்.டி., வருமான வரி வேலை பார்க்கிறவள். தம்பி கேட்ட முத்திரை விஷயத்துக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

பொம்மை தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்து 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுவதற்கு என்று செய்யப்படும் பொம்மைகளுக்குப் பொதுவாக பி.ஐ.எஸ். (ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு) உரிமமும் முத்திரையும் வேண்டும், மின்சாரத்தில் ஓடுவதற்குத் தர எண் ஐ.எஸ். 15644. முத்திரை இல்லாமல் விற்றால் முதல் தடவைக்கே 2 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ இரண்டு வருடம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனால் உங்கள் படகைப் "பிள்ளைகளுக்கு அருமையான பரிசு" என்று எங்கேயும் எழுதாதீர்கள், வீடியோவில் சின்னப் பிள்ளை கையில் ரிமோட்டைக் கொடுத்துக் காட்டாதீர்கள். 22,000 சுற்று ஓடுகிற படகு பெரியவர்களுக்கான மாடல் என்பது ஐயா எழுதியதைப் படித்தாலே தெரியும், பெட்டியிலும் ரசீதிலும் அப்படியே போடுங்கள். ஆனால் நாம் அச்சடிப்பதால் மட்டும் சட்டம் ஒத்துக்கொண்டுவிடாது. உங்கள் படகின் படமும் விவரமும் இணைத்து பி.ஐ.எஸ். அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படகை விற்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

ரேடியோவுக்கு 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ்வரை குறைந்த திறன் கருவிகளுக்கு 2005 முதல் உரிமம் தேவையில்லை. ஆனால் நீங்களே வெளிநாட்டில் இருந்து செட் செட்டாக வரவழைத்தால் அதற்குத் தனியாக வகை ஒப்புதல் கேட்பார்கள், சுங்கத்தில் நின்றுவிடும். ஒப்புதல் வாங்கிய உள்நாட்டு விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி.க்கு நம் மாநிலத்தில் சரக்கு விற்பவருக்கு வரம்பு வருடத்துக்கு 40 லட்சம், அதை நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரே ஒரு படகு விற்றாலும், வெளிமாநில விற்பனை என்பதால், முதல் ரூபாயில் இருந்தே பதிவு கட்டாயம். தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதானால் அந்த வேலை இல்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், காசு கேட்கிற இணையதளங்கள் பக்கம் போகாதீர்கள்.

கடன் வேண்டாம் என்பது என் கருத்து. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் உண்டு, பொதுப்பிரிவுக்குக் கிராமத்தில் 25, நகரத்தில் 15 சதவீதம், பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இன்னும் சில பிரிவினருக்கும் 35, 25. சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு, மாதாமாதம் தவணை கட்ட ஆர்டர் இருக்கிறவர்களுக்கு. உங்களிடம் இருப்பது நான்கு ஆர்டர்.

ஒன்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். வெளிநாட்டுப் பொம்மைக்கு அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20-இலிருந்து 60 சதவீதம் ஆனது, 2023-இல் 70 ஆனது. கடையில் இருக்கும் இறக்குமதிப் படகோடு ஒப்பிட்டால் உங்கள் 20,000 ஒன்றும் அநியாய விலை இல்லை.

கானாடுகாத்தான் பேத்தி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்கில் கணக்கெழுதப் போனவர், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியதைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். 1926-இல் கட்டிய கப்பல், கிட்டத்தட்ட ஐம்பது வருடம் நம் ஆட்களைச் சுமந்துகொண்டு போய் வந்திருக்கிறது. அதை ஒரு மீட்டருக்கு மேல் நீளத்தில் செய்து, எங்கள் வீட்டு வளவில் தண்ணீர்த் தொட்டியில் ஒரு தடவையாவது ஓட விட்டு, அப்புறம் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். விலை எவ்வளவு ஆனாலும் சரி. உங்களால் முடியுமா?

பழைய ரேடியோ எழுதியது:

அம்மா, அருமையான ஆசை. தம்பிக்காக ஒரு குறிப்பு மட்டும். நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தால் வேகம் நூறின் வர்க்கமூலத்தால், அதாவது பத்தால் குறைய வேண்டும், அப்போதுதான் அலை பெரிய கப்பலின் அலை மாதிரித் தெரியும். 12 நாட் போகிற கப்பல் என்றால் மாடல் 1.2 நாட், மணிக்கு இரண்டே கால் கிலோமீட்டர் கூட வராது, ஆள் நடப்பதில் பாதி. அதற்கு மெதுவாகச் சுற்றும் மோட்டார், கியர், உள்ளே எடை எல்லாம் வேண்டும். தேவகோட்டைக்காரர் வேண்டாம் என்ற தேக்கு அங்கே சரியாகப் பொருந்தும். வேகப் படகு கட்டுவதும் இதுவும் வேறு வேறு தொழில்.

மீன் குத்தகை எழுதியது:

கண்மாய் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறோம். தீவனம் போட டயர் டியூபில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. ஐந்து கிலோ தீவனத்தைச் சுமந்து நடுவில் போய்க் கொட்டிவிட்டு வருகிற மாதிரி படகு செய்ய முடியுமா? வேகம் தேவையில்லை. பாசி சுற்றாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். 54 ரூபாய் என்பதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. கடையில் ஒரு மோட்டார் காயில் கட்டினாலே அதைவிட அதிகம் நிற்கும்.

வேலையை விடவில்லை. வரிசையில் இருந்த நான்கு பேருக்கும் போன் செய்து விலை 20,000, தை மாதத்துக்குப் பிறகுதான் கிடைக்கும் என்று சொன்னேன். இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள், இரண்டு பேர் சரி என்றார்கள். அதில் ஒருவர் முன்பணம் அனுப்பிவிட்டார். மாமனாரிடம் கணக்கு நோட்டைக் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொல்லையில் கொட்டகை போட மூங்கில் தான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கானாடுகாத்தான் அக்கா, ரஜூலாவைச் செய்ய எனக்கும் ஆசைதான், எங்கள் தெருவிலும் அந்தக் கப்பலில் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் இப்போது ஒத்துக்கொண்டால் அரைகுறையாகத்தான் செய்வேன். இந்த ஒரு ஹல்லில் கை நிற்கட்டும், அதற்குப் பிறகு நானே உங்களுக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் வேறு யாராவது நல்லபடியாகச் செய்து கொடுத்தால் அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தம் இல்லை. மீன் குத்தகை அண்ணே, உங்கள் கண்மாயை ஒருமுறை நேரில் பார்க்க வரலாமா? இப்போது செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை, பாசி எந்த அளவுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் ப்ரொப்பல்லருக்குக் கூண்டு வைப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ஃபைபர் அண்ணே, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெகதாப்பட்டினம் வந்துவிடுகிறேன். மோல்டு எடுப்பதற்கான படகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன், 400 நம்பர் உப்புத்தாளில் இருந்து இப்போது 800-க்கு வந்திருக்கிறேன், எதுவரை போக வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மூன்றாவது படகு. வாங்கியவரிடம் என் செலவிலேயே திருப்பி அனுப்பச் சொன்னேன். பழைய குழாயை வெட்டி எடுத்து, ஐயா சொன்ன மாதிரி சாய்வை மாற்றி, இரண்டு பக்கமும் நார் வைத்து, மூன்று நாள் காய விட்டேன். நேற்று ராத்திரி பத்து மணிக்கு மணல் பையும் தினசரிக் காகிதத் துண்டும் உள்ளே வைத்து மாட்டுத் தொட்டியில் விட்டேன். தூக்கம் வரவில்லை, இரண்டு முறை எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு மூடியைக் கழற்றினேன், காகிதம் மொடமொடவென்று இருந்தது. இன்றைக்கு பார்சல் கட்டுகிறேன்.